இருநூற்றுப் பதினாலாம் பதில்

தன் வாழ்நாளில் மூன்றே மூன்று பொய்கள்தான் சொல்லியிருப்பதாகப் பக்கிரிசாமி எல்லாரிடமும் சொல்லிக்கொள்வார். அது நாலாவது. ஐந்தாவதைத் தொண்ணூற்று நாலாம் வருஷம் ஏப்ரல் மாதம் ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, முதலாளி லிம் தவுக்கேயின் குளுகுளு ஏர்கோன் அறையில், நின்றபடியே சொன்னார்.

"பாஸ், சி புரோகிராமிங்தானே? எனக்குத் தெரியும்."

அந்த நிமிஷம் வரை அவருக்குத் தெரிந்த சி, சளி பிடித்தால் மனைவி வள்ளியம்மா வாயில் போடும் ஆரஞ்சு மாத்திரையில் இருந்த சி ஒன்றுதான்.

ஆனால் அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. கிள்ளானில் கப்பல் சரக்கு அனுப்பும் அந்தக் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷமாகக் குமாஸ்தாக்களுக்கெல்லாம் பெரிய கிராணி. துறைமுகத்தில் எந்தப் பெட்டி எந்தக் கப்பலுக்கு என்று லிஸ்ட் போடுவது அவர் வேலை. அன்றைக்குத் தவுக்கே மலாயும் ஆங்கிலமும் கலந்து சொன்னது இதுதான்: இனிமேல் லிஸ்டைக் கம்ப்யூட்டர் போடும். அதற்குப் புதுசாக ஒரு செக்‌ஷன். நம் ஆளிலேயே சி என்ற கம்ப்யூட்டர் பாஷை தெரிந்த ஒருவன் அதற்குத் தலைவன். மற்ற பழைய கிராணிகள் எல்லாரும் ஜெஞ்சாரோமில் கட்டியிருக்கும் புது ஸ்டோருக்கு.

ஜெஞ்சாரோம் ஒன்றும் கெட்ட ஊரில்லை. எண்ணெய்ப்பனை நன்றாக வளரும். ஆனால் கழுத்துப் பட்டையோடு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து பழகிய மனுஷன், கொசுவுக்கும் மூட்டைக்கும் நடுவே போய் நிற்பது என்றால்? கோயில் கமிட்டியில் முகத்தை எப்படிக் காட்டுவது? வாய் முந்திக்கொண்டது.

"குட்," என்றார் தவுக்கே. "மூன்று மாசம். பெட்டி லிஸ்டை அடுக்கித் தரும் புரோகிராம் ஒன்று எழுதிக் கொண்டு வா. ஓடினால் செக்‌ஷன் உன்னுடையது. ஓடாவிட்டால் ஜெஞ்சாரோம்."

அன்று சாயங்காலம் பக்கிரிசாமி சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கூடத்தின் நடுவில் நின்று அறிவித்தார்.

"வள்ளி, இன்னையிலேர்ந்து இந்த வீட்ல ஒரு புரோகிராமர் இருக்காரு."

வள்ளியம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "எங்கங்க? கூட்டிட்டு வர்றதுன்னா முன்னாடியே சொல்லக் கூடாதா? ரெண்டு பேருக்குத்தான் மீன் பொரிச்சிருக்கேன்."

"நான்தான்டி அது!"

"ஓ," என்றாள். "அப்ப மீன் போதும்."

வீட்டில் கம்ப்யூட்டர் இருந்தது. மகள் படிக்கட்டும் என்று வாங்கியது. மகள் ஜொகூரில் ஹாஸ்டலுக்குப் போன பிறகு அதற்குப் பூப்போட்ட துணி போர்த்தி, மேலே ஒரு பித்தளைப் பிள்ளையாரை வைத்திருந்தாள் வள்ளியம்மா. பக்கிரிசாமி பிள்ளையாரைத் தூக்கி அவள் கையில் கொடுத்தார்.

"இனிமே இத நீ தொடக் கூடாது. இது மிக்ஸி இல்ல."

"நான் தொடலங்க. பிள்ளையார எங்க வைக்கிறது?"

"அத நீயே முடிவு பண்ணு."

அந்த வீட்டில் அவள் முடிவுக்கு விடப்பட்ட விஷயங்கள் எல்லாம் ஏறக்குறைய இந்த அளவுதான்.

செங்கல் கனத்தில் ஒரு சி புத்தகம் வாங்கினார். முதல் அத்தியாயத்தை மூன்று தடவை ஆரம்பித்து, மூன்று தடவையும் அதன் மேலேயே தூங்கினார். நாலாம் நாள் வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த கார்த்திகேசு காப்பாற்ற வந்தார். ரயில்வேயில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்ற யாழ்ப்பாணத்துக்காரர்.

"தம்பி, என்ர தங்கச்சி மகன் விஜயன் சுபாங் ஜெயாவில இருக்கிறான். வீட்டுக் கம்ப்யூட்டரையும் டெலிபோனையும் ஒண்டாக் கட்டி வச்சிருக்கிறான். உம்மட கம்ப்யூட்டரால அந்த நம்பருக்கு அடிச்சா உள்ள போகலாம். கேள்வியை எழுதிப் போட்டு வந்தா, மற்ற ஆக்கள் வந்து பதில் எழுதிப் போடுவினம்."

"யாரு அங்கிள் அந்த ஆளுங்க?"

"ஆருக்குத் தெரியும்? முந்நூறு பேர். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்ததில்லை. டாக்டர் இருக்கினம், பாங்க்காரர் இருக்கினம், பொடியங்கள் இருக்கிறாங்கள். சி எண்டதுக்கே தனிப் பிரிவு இருக்கு. காசு கேக்க மாட்டினம்."

இழுத்து ஆற்றும் டீயின் பேரால் அதன் பெயர் தே தாரிக் போர்ட். ஒரு நேரத்தில் ஓர் ஆள்தான் உள்ளே போக முடியும் என்பதால் தலைக்கு ஒரு நாளைக்கு நாற்பத்தைந்து நிமிஷம் என்று விஜயன் கணக்கு வைத்திருந்தான். பக்கிரிசாமி கம்ப்யூட்டரை டெலிபோனோடு இணைக்கும் மோடம் ஒன்றை வாங்கிப் பொருத்தி, 'பக்கிரி' என்று பெயர் பதிந்துகொண்டார். முதல் நாள் மோடம் போட்ட கூச்சலில் வள்ளியம்மா விளக்குமாற்றோடு ஓடி வந்தாள்.

"என்னங்க, உள்ள பல்லி மாட்டிக்கிச்சா?"

"ஷ்ஷ்! பேசிக்கிட்டு இருக்கு."

"யாரோட?"

"சுபாங் ஜெயாவோட."

"இவ்வளவு கத்தினா நேராவே கேக்குமே," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

தினமும் ஏழு மணிக்கு வள்ளியம்மா பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் தங்கை இராஜம்மாவோடு பேசுவது இருபது வருஷ வழக்கம். அடுப்படி டெலிபோனை அவள் எடுத்தால் இங்கே கம்ப்யூட்டர் அறுந்துபோகும். மூன்று நாள், மூன்று அறுப்பு. கடைசியில் ஒப்பந்தம் ஆயிற்று: ஏழிலிருந்து ஏழே முக்கால் வரை அவருக்கு, அதற்குப் பிறகு இராஜம்மாவுக்கு.

பக்கிரிசாமி தன் முதல் கேள்வியை ஆங்கிலத்தில் மரியாதையாகவே எழுதினார். மதிப்புக்குரிய ஐயாமார்களே, பெட்டி லிஸ்டை அடுக்கும் சி புரோகிராம் ஒன்று எழுதித் தரவும், அவசரம், நன்றி. இந்த மூன்று வரியை இரண்டு விரலால் தட்டி முடிக்க நாற்பத்தைந்து நிமிஷமும் போயிற்று.

மறுநாள் ஆறு பதில்கள். ஆறும் ஒன்றுதான். அந்த போர்டில் யாரும் யாருடைய வேலையையும் செய்து தருவதில்லை. கேட்பவர் முதலில் மூன்று விஷயம் சொல்ல வேண்டும். என்ன எழுதிப் பார்த்தீர்கள்? என்ன வரும் என்று எதிர்பார்த்தீர்கள்? என்ன வந்தது? இந்த மூன்றும் இல்லாத கேள்விக்கு அங்கே தண்ணீர்கூடக் கிடைக்காது. ஈப்போவிலிருந்து ஒரு பல் டாக்டர் கூடுதலாக ஒரு வரி எழுதியிருந்தார்: "வாயைத் திறக்காமலே பல்லைப் பிடுங்கச் சொல்கிறீர்கள்."

பக்கிரிசாமிக்கு முகம் சிவந்துவிட்டது. பதில் அடி கொடுக்க உட்கார்ந்தார். விரல் கீபோர்டுக்கு மேலே வட்டமிட்டுக்கொண்டே இருந்தது.

"என்ன எழுத்துங்க தேடுறீங்க?" என்று துணி மடித்துக்கொண்டே கேட்டாள் வள்ளியம்மா.

"கே."

"வலது கை நடு விரலுக்குக் கீழ."

அங்கேதான் இருந்தது. அவர் திரும்பிப் பார்த்தார். "உனக்கு எப்படித் தெரியும்?"

"மறந்துட்டீங்களா? கல்யாணத்துக்கு முன்னாடி வக்கீல் ஆபீஸ்ல ரெண்டு வருஷம் டைப் அடிச்சேன்ல. நிமிஷத்துக்கு அறுபது வார்த்தை."

உண்மையில் அவர் மறந்தேதான் போயிருந்தார். கான்வென்ட்டில் படித்து, பிரிக்பீல்ட்ஸில் டைப்பிங் பாஸ் செய்து, கிள்ளான் வக்கீலிடம் வேலைக்கு இருந்த பெண்ணைத்தான் கட்டினார். தாலி கட்டிய மூன்றாம் மாதம் வேலையை விடச் சொன்னவரும் அவர்தான்.

"அப்ப வா, உக்காரு. நான் சொல்லச் சொல்ல நீ தட்டு. யோசிக்க வேணாம். தட்டினாப் போதும்."

"சரிங்க," என்று துணியை வைத்துவிட்டு உட்கார்ந்தாள் வள்ளியம்மா. "யோசிக்கல."

அன்றைக்குத்தான் பக்கிரிசாமிக்கு அந்த மகா யோசனை உதித்தது.

"முழுசாக் கேட்டாத்தானே தர மாட்டேங்குறானுங்க? கூறு போட்டுக் கேக்குறேன். இன்னைக்கு ஒரு கூறு, நாளைக்கு ஒரு கூறு. தலைய ஒருத்தன் தருவான், வால ஒருத்தன் தருவான். கடைசில எல்லாத்தையும் ஒட்டினா மீன் முழுசு."

"அது ஏமாத்து இல்லீங்களா?"

"இதுக்குப் பேரு மூளை."

"சரி. ஆனா நாம என்ன எழுதிப் பாத்தோம்னு கேப்பாங்களே?"

"எதையாவது தப்பா எழுதிப் போடு. தப்பா இருந்தாத்தான் திருத்துவானுங்க. அதுக்கு என்ன கஷ்டம்?"

கஷ்டம் இருந்தது. நாலு பேர் நம்பும்படி ஒன்றைத் தப்பாக எழுதுவதற்குச் சரி எது என்று கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். பக்கிரிசாமி சாய்வு நாற்காலியில் பேப்பர் படிக்கப் போய்விட்டதால், அந்தச் செங்கல் புத்தகத்தை வள்ளியம்மா எடுத்துக்கொண்டாள்.

முதல் கூறு ஒரு வாரத்தில் ஓடியது. ஆனால் லிஸ்டில் முதல் பெட்டி மட்டும் காணாமல் போய்க்கொண்டே இருந்தது. பத்துப் பெட்டி கொடுத்தால் ஒன்பதுதான் வரும். பல் டாக்டர் பதில் போட்டார். வள்ளியம்மா படித்துச் சொன்னாள்.

"சி-யில முதல் பெட்டிக்கு நம்பர் பூஜ்யமாம். நாம ஒண்ணுலேர்ந்து எண்ணினோம், அதான்."

பேப்பர் தாழவில்லை. "பூஜ்யம்னா ஒண்ணுமில்லன்னு அர்த்தம் லா. ஒண்ணுமில்லாத எடத்துல எப்படிப் பெட்டி இருக்கும்?"

"இருக்குதுங்க. நாமதான் பாக்கல."

"சரி சரி, ஏதோ ஒண்ணு. ஒட்டு."

ஒட்டினாள்.

மே மாதம் போயிற்று. அவர் சொல்லச் சொல்ல அவள் தட்டியது நின்று, அவள் தட்டத் தட்ட அவர் "ம்" கொட்டுவது பழக்கமாயிற்று. அப்புறம் "ம்" கூட நின்றது. ஒரு நாள் ஏழு மணிக்கு உள்ளே போகப் பார்த்தால், இன்றைக்கு உங்கள் நாற்பத்தைந்து நிமிஷமும் முடிந்துவிட்டது, நாளை வரவும் என்று கதவைச் சாத்தியது போர்ட். பக்கிரிசாமி துள்ளிக் குதித்தார்.

"நான் இப்பதானே வரேன்! எவன் தின்னான் என் நிமிஷத்த? விஜயனுக்கு ஒரு கம்ப்ளெய்ன் எழுது. காரசாரமா எழுது!"

மறுநாள் வள்ளியம்மா எழுதினாள். அதற்கு மறுநாள் பதிலைப் படித்துச் சொன்னவளும் அவள்தான்.

"மெஷின்ல ஏதோ கோளாறாம். மன்னிச்சுக்கச் சொல்லியிருக்காங்க."

"அப்படி வா வழிக்கு," என்று மீசையைத் தடவினார்.

ஜூன் கடைசியில் கார்த்திகேசு வேலியில் கையூன்றி நின்று கூப்பிட்டார்.

"தம்பி, பக்கிரி எண்டா போர்டில இப்ப பெரிய பேராம்! விஜயன் சொல்லிச் சொல்லி மாளயில்ல. புதுசா வாற பொடியங்களுக்கு நீர் அவ்வளவு பொறுமையா விளங்கப்படுத்துறீராமே?"

பக்கிரிசாமி ஒரு நிமிஷம் திகைத்தார். அவர் யாருக்கும் எதையும் விளக்கியதாக நினைவில்லை. ஆனால் தானாகத் தேடி வந்த புகழைத் திருப்பி அனுப்புவது அவர் குடும்பத்தில் வழக்கமில்லை.

"ஏதோ நம்மால முடிஞ்சது அங்கிள்."

"நீர் இவ்வளவு கெட்டிக்காரன் எண்டு நான் நினைக்கவே இல்லை," என்றார் கார்த்திகேசு. அவர் அதை முழு மனசோடுதான் சொன்னார்.

தவுக்கே சொன்ன கெடுவுக்கு ஒரு வாரம் இருந்தபோது அவர் வாயிலிருந்தே இடி விழுந்தது.

"பக்கிரி, நீ கப்பல் பெயர் வாரியாகத்தானே அடுக்கியிருக்கிறாய்? அது வேண்டாம். வந்து சேரும் தேதி வாரியாக அடுக்கு. வெள்ளிக்கிழமை காலையில் எல்லார் முன்னாலும் ஓட்டிக் காட்டு."

அந்தச் சமயம் பார்த்து வள்ளியம்மா வீட்டில் இல்லை. இராஜம்மா கால் சுளுக்கிப் படுத்திருந்ததால், மூன்று நாள் கூட இருந்துவிட்டு வருகிறேன் என்று பிரிக்பீல்ட்ஸுக்குப் போயிருந்தாள். பக்கிரிசாமி தானே கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். இரண்டு விரலால், நாற்பத்தைந்து நிமிஷத்தில், தேதி வாரியாக எப்படி அடுக்குவது என்று ஒரு வரி எழுதிப் போட்டார்.

மறுநாள் ஏழு மணிக்கு நாலு பதில் இருந்தன. பல் டாக்டருடையது முதலில்: "பக்கிரி, என்ன விளையாட்டு இது? போன செவ்வாய்க்கிழமை இதை எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீங்கள்தானே? உங்களுடைய இருநூற்றுப் பதினாலாம் பதிலைப் படியுங்கள்." மற்ற மூவரும் சிரித்துவிட்டு அதே எண்ணைத்தான் சொல்லியிருந்தார்கள்.

அவர் இருநூற்றுப் பதினாலைத் திறந்தார். இரண்டு திரை நீளம். மேலே பக்கிரி, கீழே பக்கிரி. எழுதப்பட்ட நேரம் செவ்வாய்க்கிழமை காலை பத்து இருபது. செவ்வாய்க்கிழமை காலை பத்து இருபதுக்கு அவர் துறைமுகத்தில் வெயிலில் நின்று பெட்டி எண்ணிக்கொண்டிருந்தார்.

படித்தார். ஒன்றும் புரியவில்லை. கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். ஊரெல்லாம் மெச்சும் பக்கிரி எழுதியதில் பக்கிரிசாமிக்கு ஒரு வரிகூட விளங்கவில்லை. நடுவில் ஓர் இடத்தில் மட்டும் கண் நின்றது. லிஸ்டில் இரண்டு பெட்டிகள் எப்படி இடம் மாறிக்கொள்கின்றன என்று அங்கே விளக்கியிருந்தது: "மஞ்சள்தூள் டின்னில் மல்லித்தூளையும், மல்லித்தூள் டின்னில் மஞ்சள்தூளையும் மாற்றிப் போட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நேராகக் கொட்டினால் இரண்டும் கலந்து நாசம். மூன்றாவதாக ஒரு காலி டின் வேண்டும்."

பக்கிரிசாமி எழுந்து அடுப்படிக்குப் போனார். அலமாரியில் மஞ்சள், மல்லி, பக்கத்தில் காலியாக ஒரு மைலோ டின். இருபது வருஷமாக அந்தக் காலி டின் எதற்கு என்று அவர் கேட்டதே இல்லை. போர்ட் அறுந்தால் அறுந்து போகட்டும் என்று அங்கிருந்த டெலிபோனையே எடுத்துப் பிரிக்பீல்ட்ஸுக்கு அடித்தார்.

"வள்ளி, இருநூத்திப் பதினாலு யாரு எழுதினது?"

"ஓ, படிச்சிட்டீங்களா? புரிஞ்சுச்சா?"

"கேள்வி அது இல்ல!"

"கேள்வியே அதுதாங்க."

"என் பேர்ல எழுதியிருக்க!"

"நீங்கதானே தட்டச் சொன்னீங்க. வேற பேர் ஒண்ணும் சொல்லலையே. பாவம், பசங்க கேக்குறாங்க. தெரிஞ்சத வச்சுக்கிட்டு எப்படிச் சும்மா இருக்கிறது?"

அவர் மூச்சை இழுத்து விட்டார். கோபப்படும் நேரம் அதுவல்ல. "சரி, அத விடு. தவுக்கே தேதி வாரியா அடுக்கச் சொல்லிட்டாரு. வெள்ளிக்கிழமை காட்டணும்."

"அப்படியா? நீங்க என்ன எழுதிப் பாத்தீங்க?"

"என்னது?"

"என்ன வரும்னு எதிர்பாத்தீங்க? என்ன வந்துச்சு?"

"வள்ளி! நான் உன் புருஷன்!"

"அது மூணுல எதுக்கும் பதில் இல்லீங்களே."

பக்கிரிசாமி மைலோ டின்னைப் பார்த்தபடி நின்றார். "ஜெஞ்சாரோமுக்கு அனுப்பிடுவான்டி," என்றார் சின்னக் குரலில். "இந்த வயசுல போய் மூட்டை எண்ணச் சொல்லுவான்."



"வக்கீல் ஆபீஸ் வேலைய விடச் சொன்னீங்கல்ல, அப்ப ஏன்னு கேட்டேன்," என்றாள் வள்ளியம்மா. "என்ன சொன்னீங்கன்னு ஞாபகம் இருக்கா?"

"இல்ல."

"‘வீட்டுக்கு ஒரு மூளை போதும்’னு சொன்னீங்க. உங்க அக்கா தங்கச்சி எல்லாரும் சிரிச்சாங்க. நானும் கூடச் சேந்து சிரிச்சேன். அன்னைக்கு ராத்திரி குளியலறையில தண்ணியத் தொறந்து விட்டுட்டு அழுதேன்."

அவருக்கு இப்போது ஞாபகம் வந்தது. நல்ல ஜோக் என்று அன்றைக்குத் தன்னைத் தானே மெச்சிக்கொண்டதுகூட ஞாபகம் வந்தது. வெட்கமாக இருந்தது.

"நாளைக்கு வந்து எழுதித் தரேன்," என்றாள். "ஒண்ணே ஒண்ணு. தவுக்கேகிட்ட இது வள்ளியம்மா எழுதினதுன்னு நீங்களே உங்க வாயால சொல்லணும்."

"சத்தியமாச் சொல்றேன்."

கணக்கு வைத்திருப்பவர்களுக்கு: கார்த்திகேசுவிடம் சொன்னதை விட்டுவிட்டால், இது ஆறாவது. ஆனால் சொன்ன நேரத்தில் அவர் அதை மெய் என்றுதான் நம்பினார்.

வெள்ளிக்கிழமை காலை வள்ளியம்மா, புரோகிராம் இருந்த டிஸ்கெட்டை ஒரு கைக்குட்டையில் சுற்றிக் கொடுத்து வாசல் கேட் வரை வந்தாள்.

"சொல்லிடுவீங்கல்ல?"

"சொல்லிடுறேன் லா. எத்தன தடவ?"

"இன்னொரு தடவ," என்றாள். அவரும் சொன்னார். அவள் அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

ஆபீஸில் பதினாலு கிராணிகளும் சுவரோரம் வரிசையாக நின்றார்கள். பக்கிரிசாமி டிஸ்கெட்டைச் செருகி, வள்ளியம்மா எழுதிக் கொடுத்த சீட்டைப் பார்த்து நாலு எழுத்துத் தட்டினார். திரையில் முந்நூறு பெட்டிகளும் தேதி பிசகாமல் ஓடி வந்து நின்றன. முதல் பெட்டிகூடத் தப்பவில்லை. பதினாலு பேரும் கை தட்டினார்கள். தவுக்கே எழுந்தே நின்றுவிட்டார்.

"பக்கிரி! இதை நீயா எழுதினாய்?"

சொல்ல வேண்டியது நாக்கு நுனியில்தான் இருந்தது. இதைக் கோயிலில் வேண்டுமானாலும் சத்தியம் செய்யலாம். ஆனால் பதினாலு ஜோடிக் கண்கள் அவரையே பார்த்தன. கை தட்டிய சத்தம் இன்னும் காதில் இருந்தது. ஜெஞ்சாரோமின் கொசு ஒன்று அந்த ஏர்கோன் அறையிலேயே ரீங்கரிப்பது போலிருந்தது.

"யெஸ் பாஸ்," என்றார் பக்கிரிசாமி.

தவுக்கே அவர் தோளில் ஓங்கித் தட்டினார். பிறகு திரையின் அடியில் மின்னிக்கொண்டிருந்த ஒரு வரியைப் பார்த்தார். தொடர ஏதாவது ஒரு கீயை அழுத்தவும் என்று இருந்தது. பக்கிரிசாமி அந்த வரியைப் பார்த்ததே இல்லை. புரோகிராமை அவர் திறந்து படித்திருந்தால்தானே? தவுக்கே அழுத்தினார். பெட்டிகள் மறைந்தன. சுத்தமான ஆங்கிலத்தில் நாலு வரி வந்தது. தவுக்கே உரக்கப் படித்தார்.

"இந்தப் புரோகிராமை எழுதியவர் வள்ளியம்மா. இதை என் கணவர் ஏற்கெனவே உங்களிடம் சொல்லியிருந்தால், இந்தச் செய்தியைப் பொருட்படுத்த வேண்டாம். சொல்லியிருக்காவிட்டால், தயவுசெய்து வீட்டுக்குப் போன் செய்யவும். காலை பத்து மணிக்கு மேல் ஓய்வாக இருப்பேன்."

தவுக்கே கடிகாரத்தைப் பார்த்தார். பத்தேகால்.

"உன் வீட்டு நம்பர் பழையதுதானே?" என்று கேட்டுக்கொண்டே டெலிபோனை எடுத்தார்.

இருபது நிமிஷம் பேசினார். அதில் இரண்டு தடவை வாய்விட்டுச் சிரித்தார். பக்கிரிசாமி அத்தனை நேரமும் நின்றுகொண்டே இருந்தார். உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

அன்று சாயங்காலம் சப்பாத்தை வாசலிலேயே கழற்றிவிட்டு உள்ளே வந்தார். வள்ளியம்மா மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். அவர் அடுப்படி வாசற்படியில் நின்றார்.

"ஒண்ணாந்தேதியிலேர்ந்து உன்ன வரச் சொல்லியிருக்காராமே."

"ஆமாங்க. செக்‌ஷனப் பாத்துக்கச் சொன்னாரு."

"எனக்கு ஜெஞ்சாரோம்."

"மூணு மாசம்தான். இவரு கத்துக்கிட்டா என் செக்‌ஷனுக்கே தாங்கன்னு கேட்டேன். சரின்னுட்டாரு. ஆனா இந்தத் தடவ நெஜமாக் கத்துக்கணும்னு சொன்னாரு." மீனைத் திருப்பிப் போட்டாள். "நானும் அதையேதான் சொன்னேன்."

"தப்புப் பண்ணிட்டேன் வள்ளி," என்றார் பக்கிரிசாமி. "இன்னைக்குப் பண்ணினது மட்டும் இல்ல. அன்னைக்கு மூளைன்னு ஒண்ணு சொன்னேனே, அதுவும்."

வள்ளியம்மா அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எண்ணெய்ப் புகையாகவும் இருக்கலாம்.

"கைய கழுவிட்டு வாங்க. சாப்பிடலாம்," என்றாள்.

மறு வாரம் ஜெஞ்சாரோமிலிருந்து திரும்பிய முதல் நாள். முழங்கை வரை கொசுக்கடி. பக்கிரிசாமி சாய்வு நாற்காலிப் பக்கம் போகாமல் நேராகக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். செங்கல் புத்தகத்தை முதல் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டார். மணி ஏழு. போர்டுக்கு அடித்து, 'பக்கிரி' என்று பெயர் கொடுத்தார். கடவுச்சொல் தவறு என்றது. மூன்று தடவை முயன்று பார்த்துவிட்டு, புது ஆளாகப் பதியப் போனார். அங்கேயும் அந்தப் பெயர் கிடைக்கவில்லை. 'பக்கிரி' என்பது எங்கள் மூத்த உறுப்பினர் ஒருவரின் பெயர், தயவுசெய்து வேறு பெயர் தேர்ந்தெடுக்கவும் என்று மரியாதையாகச் சொன்னது.

யோசித்துவிட்டு 'ஜெஞ்சாரோம்' என்று பதிந்துகொண்டார்.

அடுப்படிப் பக்கம் பார்த்தார். அவள் ஏதோ பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். கேட்கலாமா என்று நினைத்தார். வேண்டாம் என்று விட்டுவிட்டார். இந்தத் தடவை நாலு நாள் உட்கார்ந்து, தானே யோசித்து, தானே தட்டி, பத்துப் பெட்டிக்கு ஒரு சின்னப் புரோகிராம் எழுதினார். ஓடவும் ஓடியது. ஆனால் ஒன்பது பெட்டிதான் வந்தது. முதலாவதைக் காணோம். கே எங்கே இருக்கிறது என்று இப்போது தெரிந்திருந்ததால், கேள்வியை அரைமணி நேரத்திலேயே எழுதி முடித்துவிட்டார். என்ன எழுதினேன், என்ன எதிர்பார்த்தேன், என்ன வந்தது. மூன்றையும் சொல்லியிருந்தார்.

மறுநாள் ஒரே ஒரு பதில் வந்திருந்தது. தானே எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"புதியவருக்கு நல்வரவு. கேள்வியை முறையாகக் கேட்டிருக்கிறீர்கள், மகிழ்ச்சி. முதல் பெட்டிக்கு எண் பூஜ்யம். எல்லாரும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். வெட்கப்பட வேண்டாம். இன்னும் சந்தேகம் இருந்தால் தயங்காமல் கேளுங்கள். அன்புடன், பக்கிரி."